சீன வீட்டின் வியாழக்கிழமைகள்

மழை விட்டு வெயில் ஏறும் நேரத்தில் அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தால் முதலில் வருவது பூனை மூத்திரத்தின் வாடைதான். இடுப்பளவுக்கு வெட்டி நிறுத்திய செடிவேலிகளின் இலையே அப்படி மணக்கும் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. சிறுவயதில், பலெர்மோவின் பூனைகள் எல்லாம் நாங்கள் வருவதற்கு முன் அங்கே ஒருமுறை வந்துவிட்டுப் போகின்றன என்றே நினைத்திருந்தேன். அந்த வாடைக்குப் பின்னால், நேர்நேராக வெட்டிய வேலிகளுக்கு நடுவே, மணிகள் தொங்கும் கம்பித் தடுப்பும் மேல்நோக்கி வளைந்த கூரையுமாக ஒரு மாளிகை நிற்கும். ஊர் அதைச் சீன மாளிகை என்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு ‘சீன வீடு’ என்று பெயர்.

நேப்பிள்ஸ் நகரிலிருந்து போருக்குத் தப்பி ஓடிவந்த ஓர் அரசர், பெல்லெக்ரினோ மலையடிவாரத்தில் வேட்டைக்கு வந்து தங்குவதற்காகச் சீனப் பாணியில் கட்டிய வீடு அது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் சொன்னபோது, அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமல், “அப்ப ராசாவும் அகதியாத்தான் வந்தவரோ” என்று கேட்டார். எனக்கு அப்போது பத்து வயது. அகதி என்ற சொல் எங்கள் வீட்டில் சோறு, தண்ணி போல ஒரு சாதாரணச் சொல்லாக இருந்த காலம்.

அம்மா லிபெர்த்தா வீதிப் பக்கம், சினியோரா என்று கூப்பிடும் ஓர் இத்தாலியச் சீமாட்டியின் வீட்டில் வேலை செய்தார். வீட்டுவேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வியாழன் பின்னேரமும் ஓய்வு. வியாழனை எங்கள் சனம் ‘ஜொவெதி’ என்று இத்தாலியனில்தான் சொல்லும். “ஜொவெதிக்கு வாறன்”, “ஜொவெதிக்குக் கதைப்பம்” என்று எல்லாக் காரியங்களும் அந்த அரை நாளுக்குள் அடைக்கப்பட்டிருக்கும். அப்பாவுக்கு அந்த அரை நாளும் இல்லை. அவர் சியாகுல்லியில் மந்தரீன் ஆரஞ்சுத் தோட்டங்களில் பழம் பறிக்கிறவர். விடியும் முன் போய் இருட்டிய பின் வருவார். அவருடைய விரல்களில் தோடம்பழத் தோலின் எண்ணெய் ஊறிப்போயிருந்ததால், அவர் சோறு குழைத்துத் தந்தால் மீன்குழம்பும் மந்தரீன் மணந்தது.

இதில் சொல்லாமல் விட்ட ஒருவர் என் அக்கா வசந்தி. நான் பலெர்மோவில் பிறந்தவள். அக்கா ஊரில் பிறந்தவர். அப்பா முதலில் வந்துவிட, அம்மாவும் அக்காவும் முகவர் ஒருவர் மூலம் புறப்பட இருந்த அன்று காலையில் அக்காவுக்குக் காய்ச்சல் கொதித்தது. இருமுகிற பிள்ளையை லொறிக்குள் ஒளித்துக்கொண்டு எல்லை தாண்ட முடியாது என்று முகவர் சொல்லிவிட்டார். ரெண்டு மாதத்தில் அடுத்த ஆட்களோடு அனுப்பிவிடலாம் என்று அக்காவைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு அம்மா வந்தார். அந்த ரெண்டு மாதம் நீண்டு, நான் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், இத்தாலியனில் சண்டைபோடப் பழகிய பிறகும் முடியவில்லை. பெரியம்மா குடும்பம் வன்னிக்குள் இடம்பெயர்ந்திருந்தது. அக்கா அங்கே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்.

அக்காவைச் சட்டப்படி கூப்பிடுவதற்கு வீடு இத்தனை சதுர மீற்றர் இருக்க வேண்டும் என்று விதி. அதற்காகவே வுச்சீரியாவில் ஒற்றை அறையில் இருந்த நாங்கள் பெரிய வீடொன்றுக்கு மாறினோம். என் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் வந்தது. அதற்கு விரிப்பு விரித்து, தலையணை உறை போட்டு, கிழமைக்கொருமுறை அம்மா எல்லாவற்றையும் கழற்றித் தோய்ப்பார். யாரும் படுக்காத விரிப்பை ஏன் தோய்க்கிறீர்கள் என்று கேட்டால், “தூசி பிடிக்கும்தானே” என்பார்.

அன்னா அன்ரியை நாங்கள் சந்தித்தது குவெஸ்துராவில், வெளிநாட்டவர் போய் நிற்கும் காவல்துறை அலுவலகத்தில். பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும் வரிசையில் நின்றபோது எங்களுக்கு முன்னால் ஒரு சீனப் பெண் நின்றார். அவருடைய கோப்புக்குள் ஒரு சிறுமியின் கடவுச்சீட்டுப் படம் தெரிந்தது. அம்மா தன் கைப்பையிலிருந்து அக்காவின் படத்தை எடுத்து அவரிடம் காட்டினார். அவ்வளவுதான். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் இத்தாலியன் மட்டுமே. அம்மாவுடையது சமையலறை இத்தாலியன், அவருடையது கடை இத்தாலியன். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் லிங்கன் வீதியில் உடுப்புக் கடையொன்றில் வேலை செய்தார். அவருடைய சொந்தப் பெயர் வேறு. இத்தாலியர்களுக்குச் சொல்ல வராது என்பதால் கடைக்காரர்கள் அன்னா என்று வைத்திருந்தார்கள். அவருடைய மகள் மெய், எட்டு மாதக் குழந்தையாகத் தாத்தா பாட்டியிடம் விடப்பட்டவள். இப்போது என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவளுக்கும் அழைப்புப் பத்திரம் போட்டிருந்தது.

“இங்கே சீன வீடு இருக்கிறது,” என்று அன்னா அன்ரி ஒருநாள் சொன்னார். “நான் பஸ்ஸில் பார்க்கிறேன். என் மகள் வருகிறாள், நான் அவளுக்குக் காட்டுகிறேன். முதலில் நாம் போய்ப் பார்க்கிறோம்.” அவருடைய இத்தாலியனில் எல்லா வினைச்சொல்லும் நிகழ்காலம்தான். நேற்று வருகிறேன், நாளை வருகிறேன், சின்ன வயதில் நான் தைக்கிறேன் என்றுதான் பேசுவார். நேற்றா நாளையா என்பதை நாங்கள்தான் அவருடைய முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்படித்தான் அந்த வியாழக்கிழமைகள் தொடங்கின. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். அன்னா அன்ரி கடையில் பின்னேரம் விடுப்புக் கேட்டு வாங்கியிருப்பார். வீட்டுக்குள் திருத்தவேலை நடந்ததால் உள்ளே போக முடியாது. முன்தோட்டத்தில் நடக்கலாம், கல் இருக்கையில் உட்காரலாம்.

முதல் நாள் அன்னா அன்ரி தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். வேலிகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சுவரில் சீன எழுத்துப் போல வரைந்திருந்ததைக் கிட்டப்போய்ப் பார்த்தார். நான் ஆர்வம் தாங்காமல் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “ஒன்றும் இல்லை,” என்றார். “எழுத்து இல்லை. கோடு.” பிறகு இருக்கையில் வந்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, “இது சீனத் தோட்டம் இல்லை,” என்றார். அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை. கடையில் வாங்கிய பையைத் திறந்து, வேறு அளவுச் சட்டை இருக்கக் கண்டவரின் குரல் அது.

கலியாணத்துக்கு முன்னால் அவர் சூசோ என்ற பெரிய நகரத்தில் ஒரு தையல் ஆலையில் வேலை செய்திருந்தார். பழைய தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். விடுமுறை நாட்களில் தோழிகளோடு ஒவ்வொரு தோட்டமாகப் போய்ப் பார்த்தாராம். அங்கே நேராக ஒன்றும் இருக்காது. நடுவில் குளம், குளத்தில் சிவப்பு மீன், ஓட்டை ஓட்டையாக ஏரித்தண்ணீர் தின்ற கல், சுவரில் முழுநிலவைப் போல வட்டமான வாசல். பாலம் நேரே போகாது, மடங்கி மடங்கிப் போகும். ஒரு மரக்குச்சியை எடுத்து, சரளைக் கற்களை ஒதுக்கி, மண்ணில் கோடிழுத்து எங்களுக்குக் காட்டினார். அம்மா குனிந்து பார்த்து, பாலம் ஏன் மடங்க வேண்டும் என்று கேட்டார். “நேராகப் போனால் சீக்கிரம் முடிகிறது,” என்றார் அன்னா அன்ரி.

சீனத் தோட்டம் இல்லை என்று தெரிந்த பிறகும் நாங்கள் ஒவ்வொரு வியாழனும் அங்கேதான் போனோம். வேறெங்கும் போகத் தெரியாததும் ஒரு காரணம். அதைவிட, அந்த இருக்கையில் உட்கார்ந்தால் இரண்டு பெண்களும் தங்கள் மகள்மாரைப் பற்றி மட்டும் கதைத்தார்கள். மற்ற நாட்களில் அதற்கு ஆளில்லை. எங்கள் சனத்திடம் அக்காவைப் பற்றிக் கதைத்தால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், முகவரின் பெயர் சொல்வார்கள், இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்பது போலப் பார்ப்பார்கள். அன்னா அன்ரி ஒரு யோசனையும் சொன்னதில்லை. “உன் மகள் உயரமா?” என்று கேட்பார். அம்மா தன் காதுவரை கையை வைத்துக் காட்டுவார். அந்த அளவை அவர் எங்கே எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. அக்காவை அவர் கடைசியாகப் பார்த்தபோது அக்கா அவருடைய இடுப்புக்கும் வளர்ந்திருக்கவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு, பல்லாரோப் பக்கத்துத் தொலைபேசிக் கடைக்குப் போவோம். வன்னியில் பெரியம்மாவும் அக்காவும் ‘கொம்யூனிகேசன்’ கடையில் வந்து காத்திருப்பார்கள். கண்ணாடிக் கூட்டுக்குள் மூவரும் நெருக்கிக்கொண்டு நிற்போம். அம்மாவுக்கு அக்காவிடம் சொல்ல எதுவும் இருக்காது. சினியோராவின் வீட்டுச் சமையலறையையும் பஸ்ஸையும் தவிர அவருக்கு இந்த ஊரில் என்ன தெரியும்? சாப்பிட்டியா, படிக்கிறியா என்று கேட்டதும் கேள்விகள் முடிந்துவிடும். அப்படி முடிந்த ஒருநாளில்தான் அம்மா சீன வீட்டை எடுத்தார்.

“இஞ்சை ஒரு சீனத் தோட்டம் இருக்கு பிள்ளை. நாங்கள் ஒவ்வொரு கிழமையும் போறனாங்கள். நீ வந்தாப் போவம்.”

“அங்கை என்ன இருக்கு?”

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். “குளம் இருக்கு. சிவப்பு மீன் இருக்கு. வளைஞ்சு வளைஞ்சு போற பாலம் ஒண்டு இருக்கு.”

“ஏன் வளைஞ்சு போகுது? நேராக் கட்டேலாதோ?”

“நேராப் போனாக் கெதியா முடிஞ்சிடுமாம்.”

அக்கா சிரித்தது எனக்கும் கேட்டது. அதன்பின் ஒவ்வொரு அழைப்பிலும் தோட்டத்தைப் பற்றி அக்காவே கேட்டார். மீன் குஞ்சு போட்டதா, மழைக்குக் குளம் நிரம்பியதா என்றெல்லாம் கேட்பார். அம்மா வியாழனில் அன்னா அன்ரியிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு ஞாயிறில் பதில் சொல்வார். பொய் சொல்லக்கூடாது என்று எனக்குக் காதைத் திருகிச் சொல்லித் தந்த அம்மா, சூசோவின் குளத்தைத் தூக்கிக்கொண்டுவந்து பலெர்மோவில் வைப்பதைக் கூட்டுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். என்னிடம் தொலைபேசி வந்தால் எனக்குத் தமிழ் தடுக்கும். “அக்கா, கோமே ஸ்தாய்?” என்று ஒருமுறை வாய்தவறிக் கேட்டுவிட்டேன். “என்னடி சொல்றாய்” என்று அக்கா கேட்க, சுகமா என்று கேட்டதாகச் சொன்னேன். “நான் சுகம். நீ எனக்கு அந்தப் பாஷை பழக்க வேணும், என்ன?” என்றார். ஓம் என்றேன்.

அழைப்புப் பத்திரம் வந்தது. அம்மா அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தார். இனி அக்கா கொழும்புக்குப் போய்த் தூதரகத்தில் விசா குத்துவது மட்டும்தான் பாக்கி. ஆனால் அந்த நாட்களிலேயே வன்னிக்குப் போகும் பாதை பூட்டப்பட்டது. பெரியம்மா பாஸ் கேட்டு அலைந்தார், கிடைக்கவில்லை. அக்காவின் வயதுப் பிள்ளைகளை வெளியே விட உள்ளே இருந்த இயக்கத்துக்கும் மனமில்லை. பதினெட்டு வயதுக்குள் வந்தால்தான் பிள்ளை என்று கணக்கு, அதற்குப் பிறகு வேறு சட்டம் என்று குவெஸ்துராவில் சொன்னார்கள். அப்பா அலுவலகம் அலுவலகமாகப் போனார். ஒவ்வொரு இடத்திலும், “பாதை எப்போது திறக்கும்?” என்று அவரிடமே கேட்டார்கள்.

மெய் வந்தாள். அவளுடைய பத்திரத்துக்கு முன்னால் எந்தப் பாதையும் பூட்டியிருக்கவில்லை. அந்த வியாழக்கிழமை அன்னா அன்ரி தலைமயிரைச் சுருட்டி, உதட்டுக்குச் சாயம் போட்டு, மகளுக்குச் சிவப்பு ஜக்கெற் அணிவித்துச் சீன வீட்டுக்குக் கூட்டிவந்தார். அம்மா சியாகுல்லி மந்தரீன் ஒரு பை கொண்டுபோயிருந்தார். மெய் உயரமாக, மெலிந்து, கைகளை ஜக்கெற்றின் பைகளுக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். அன்னா அன்ரி அவளுக்குக் கூரையைக் காட்டினார், மணிகளைக் காட்டினார், சுவரிலிருந்த கோட்டெழுத்துகளைக் காட்டிச் சிரித்தார். மெய் சிரிக்கவில்லை. தாயைப் பார்த்து எதையோ சொன்னாள். அந்த வசனத்தில் ‘ஆயி’ என்ற சொல் எங்கள் காதில் விழுந்தது.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “கேட்டியே, ஆயி எண்டுறாள். தமிழிலையும் ஆயி எண்டா அம்மாதான்,” என்று என்னிடம் சொல்லி, அதை அன்னா அன்ரிக்கு இத்தாலியனில் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன்.

அன்னா அன்ரி மந்தரீன் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார். தோலை முழுதாக உரித்து முடித்தார். “ஆயி அம்மா இல்லை,” என்றார் பிறகு. “தெருவில் ஒரு பெண் போகிறாள், அவள் ஆயி. கடையில் ஒரு பெண் விற்கிறாள், அவள் ஆயி. உன் அம்மா ஆயி. எல்லாரும் ஆயி.” சுளைகளைப் பிரித்து மகளிடம் நீட்டினார். மெய் தலையாட்டி நன்றி சொல்லி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். அன்னியரிடம் வாங்குவதற்குப் பழக்கப்பட்ட, ஒழுங்கான பிள்ளை. அம்மா தலையைக் குனிந்து, பையிலிருந்த மந்தரீன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் அம்மா ஒன்றுதான் கேட்டார்: “வசந்தி போனில என்னை என்னெண்டு கூப்பிடுறவள்?” அம்மா என்றுதான் கூப்பிடுவார் என்று சொன்னேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெய்க்கு இந்த ஊர் ஒட்டவில்லை. வகுப்பில் பாஷை புரியாமல் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தாள். வடக்கே பிராத்தோவில் சீனக் குடும்பங்கள் நிறைய, அங்கே தகப்பனின் தங்கை இருக்கிறார் என்று அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் அன்னா அன்ரியும் அங்கே தையல் வேலை தேடிக்கொண்டு போனார். விடைபெற அவர் சீன வீட்டுக்கு வரவில்லை. அம்மாதான் கடைக்குப் போனார். தொங்கும் சட்டைகளுக்கு நடுவே இருவரும் நின்றார்கள். அன்னா அன்ரி என் அளவுக்கு ஒரு சட்டையைத் தெரிந்தெடுத்து மடித்துத் தந்தார்.

ஊரில் சண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசி அழைப்பில் அக்கா தோட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “நாங்கள் வெளிக்கிடப்போறம் அம்மா. எங்கை எண்டு தெரியாது. இனி இந்தக் கடையும் இருக்காது,” என்றார். அம்மா, “பெரியம்மாவின்ரை கையை விடாதை,” என்றார். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா, “ஓம் அம்மா, ஓம்,” என்றுகொண்டே இருக்க, இணைப்பு அறுந்தது. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் போனோம். மணி அடிக்கவே இல்லை.

சண்டை முடிந்து பல கிழமைகளுக்குப் பிறகு ஒரு முகாமிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. நீரேரியைக் கடந்து சனம் வெள்ளமாக ஓடிய இடத்தில் ஷெல் விழுந்ததாம். எழும்பிப் பார்த்தபோது கையில் அக்காவின் கை இல்லையாம். அதற்கு மேல் அவருக்கும் எதுவும் தெரியாது. அப்பா தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரோடு உட்கார்ந்தார். அம்மா அடுத்த நாள் வேலைக்குப் போனார். “அழுதாக் கண் வீங்கும். சினியோரா கேப்பா. அவவுக்கு நான் எங்கையிருந்து தொடங்கிச் சொல்ல?” என்றார்.

அந்தக் கோடையில் அன்னா அன்ரி பிராத்தோவிலிருந்து ஒருமுறை அழைத்தார். என் மகள் வரவில்லை என்று அம்மா சொன்னார். மறுமுனையில் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அவர், “உன் மகள் வருகிறாள்,” என்றார். அவர் ஆறுதல் சொன்னாரா, வந்திருப்பாள் என்று சொல்ல வந்தாரா, வரமாட்டாள் என்பதைச் சொல்லத் தெரியாமல் சொன்னாரா என்பதை முகம் பார்க்காமல் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. மெய் எப்படி என்று அம்மா கேட்டார். “மெய் வேலை செய்கிறாள். மெய் பேசுவதில்லை,” என்றார். பிறகு அந்த இலக்கமும் வேலை செய்யாமல் போனது.

மூன்று வருடங்களுக்கு முன், சித்தப்பாவின் மகனுடைய கலியாணத்துக்குச் சுவிஸ் போனோம். சூரிச் நகரத்தில் ஏரிக்கரையில் உண்மையான சீனத் தோட்டம் ஒன்று இருக்கிறது, சீனாவிலிருந்து ஆட்கள் வந்து கட்டியது என்று கேள்விப்பட்டு அம்மாவைக் கூட்டிப்போனேன். சிவப்புச் சுவருக்குள் குளம் இருந்தது, மீன் இருந்தது, மடங்கி மடங்கிப் போகும் பாலம் இருந்தது. அம்மா பாலத்தில் கால் வைக்காமல் கரையோடு ஒரு சுற்று நடந்துவந்து, “அன்னா பொய் சொல்லேல்லை,” என்றார். நான் ஏதாவது சொல்வதற்குள் வாசலை நோக்கி நடந்துவிட்டார்.

இப்போது பல்லாரோப் பக்கத்துத் தொலைபேசிக் கடை இல்லை. அந்த இடத்தில் கைத்தொலைபேசித் திரை மாற்றுகிறார்கள். லிங்கன் வீதியில் அன்னா அன்ரி நின்ற கடை கைமாறி, பிறகு பூட்டியே கிடக்கிறது. சினியோரா இறந்துவிட்டார். அம்மாவுக்கு இப்போது வேறு இரண்டு வீடுகளில் வேலை. ஜொவெதியிலும் ஒரு வீடு உண்டு. அப்பா இடுப்பு வலியோடு வீட்டில் இருக்கிறார். பெரியம்மா போன வருடம் முகாமில்லாத ஒரு சொந்த வீட்டில், யாருக்கும் தொந்தரவில்லாமல் இறந்தார். காணாமல்போனவர்களைக் கேட்டு வீதியோரம் உட்காரும் சனத்தோடு, அக்காவின் படத்தை ஏந்திக்கொண்டு உட்காரவும் இனி அங்கே எங்களுக்கு ஆளில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெல்லெக்ரினோ மலைமேல் இருக்கும் கிறித்தவப் புனிதையின் கோயிலுக்கு நேர்த்திக்காக ஏறிவிட்டுத் திரும்பும் வழியில், பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் நானும் அம்மாவும் சீன வீட்டு வேலிகளுக்குள் போய் உட்கார்ந்தோம். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த இளம் பெண்ணொருத்தி எங்களைப் பார்த்துத் தமிழோ என்று கேட்டுப் பக்கத்தில் அமர்ந்தாள். ஊரிலிருந்து வந்து ஆறு மாதமாம். பேச்சுத்துணைக்கு ஏங்கிப்போயிருந்தாள். அம்மாவிடம் எந்த ஊர் என்று கேட்டாள், எங்கே வேலை என்று கேட்டாள், பிறகு எங்கள் சனம் கேட்கிற மாதிரியே, “அன்ரிக்கு எத்தினை பிள்ளையள்?” என்றாள்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அம்மா ‘ரெண்டு’ என்பார். அடுத்த கேள்வி வருவதற்குள் நான் பேச்சை மாற்றுவேன். அது எங்களுக்குள் சொல்லாமலே பழகிப்போன ஒரு வேலை. அன்றும் நான் குழந்தையின் பெயரைக் கேட்கத் தயாராக வாயைத் திறந்தேன்.

“ஒண்டுதான்,” என்றார் அம்மா. “இவ மட்டும்தான்.”

அந்தப் பெண், ஒன்றென்றால் கவலையில்லை அன்ரி என்றோ என்னவோ சொன்னாள். அம்மா தலையாட்டினார். வண்டிக்குள் குழந்தை சிணுங்கியது. அம்மா குனிந்து அதன் காலிலிருந்து நழுவிய சப்பாத்தைச் சரியாகப் போட்டுவிட்டு, பஸ் வரப்போகிறது என்று எழுந்து எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.